சித்தப்பா வீட்டுச் சுவர் விரிசலும் மாயாறு பள்ளத்தாக்கும்: பழைய பிளவு எப்படி முழிச்சுக்குது?

போன வருஷம் மழை ஓஞ்ச கையோட கோத்தகிரில இருக்க எங்க சித்தப்பா போன் பண்ணாரு. "டேய், வீட்டுக்குப் பின்னாடி தடுப்புச் சுவர்ல விரல் போற அளவு விரிசல் விட்டிருக்கு, மேஸ்திரி வந்து பாத்துட்டு இது மலைக்கு அடியில ஓடற பூமிப் பிளவோட வேலை, என்னால ஒண்ணும் பண்ண முடியாதுனு சொல்லிட்டுப் போயிட்டான், நீ அந்தப் படிப்பு தானே படிச்ச, வந்து பாத்துட்டுப் போ"ன்னாரு. நான் ஜியாலஜி படிச்சது என்னமோ உண்மை தான், இப்ப பாக்கற வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா சொந்தக்காரங்க மத்தியில கல்லு மண்ணு சம்பந்தமா எது வந்தாலும் என் தலைல தான் விடியும். சரினு பஸ் ஏறிட்டேன்.

போய்ப் பாத்தா சுவர் வெளிப்பக்கமா சாஞ்சிருக்கு, விரிசல் மேல அகலம், கீழ வர வர ஒல்லி. சுவருக்குப் பின்னாடி மண்ணு தண்ணி குடிச்சு ஊதி நிக்குது, தண்ணி வெளிய வர ஒரு ஓட்டை கூட சுவர்ல விடல. இதுக்கும் பூமிப் பிளவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. நம்ம மலைல பாறைக்கு மேல பல அடிக்கு செம்மண்ணு கனமா உக்காந்திருக்கு, அடைமழைல அது தண்ணியை உறிஞ்சி எடை ஏறி சறுக்குது, 2009 நவம்பர்ல ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் நாப்பது பேருக்கு மேல செத்தாங்களே, அது இந்த வகை தான். மண்ணு சறுக்கினா வர விரிசல் பொதுவா பிறை நிலா மாதிரி வளைஞ்சு இருக்கும், அதுக்குக் கீழ எங்கயாவது மண்ணு தொப்பை போட்டு நிக்கும். இதெல்லாம் தோலோட சமாச்சாரம். ஃபால்ட்டுங்கறது, அதான் அந்த பூமிப் பிளவு, எலும்போட சமாச்சாரம்.

இதை சொன்னதும் சித்தப்பா கேட்டாரு, "அப்ப மேஸ்திரி சொன்ன பூமிப் பிளவு பொய்யா?" பொய் இல்ல சித்தப்பா, அது இருக்கு, ஆனா உங்க சுவத்துல இல்ல, வாங்க காட்டறேன்னு மறுநாள் காலைல கோடநாடு வியூ பாயிண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க வச்சு அவருக்கு சொன்னதைத் தான், நடுவுல விட்டதையும் சேத்து, இங்க எழுதறேன்.

முதல்ல ஒரு சின்ன விஷயம். பாறைல இருக்க எல்லா விரிசலும் ஃபால்ட் இல்ல. ரோடு வெட்டின இடத்துல பாத்தா பாறை முழுக்க கோடு கோடா வெடிச்சு இருக்கும், அதுல ரெண்டு பக்கமும் அப்படியே எதிரெதிர நிக்குதுன்னா அது வெறும் விரிசல். ஒரு பக்கம் மேலயோ கீழயோ பக்கவாட்டிலயோ நகர்ந்து இருந்தா மட்டும் தான் அது ஃபால்ட், தமிழ்ல பிளவுக்கோடுனு வச்சுக்கலாம். நகர்ந்ததுக்கு சாட்சி அந்தப் பாறைலயே இருக்கும், சில பிளவு முகத்தைத் தடவிப் பாத்தா வழவழன்னு பாலிஷ் போட்ட மாதிரி இருக்கும், அதுல ஒரே திசைல மெல்லிசா கீறல் ஓடும். ரெண்டு பாறை ஒண்ணை ஒண்ணு அரைச்சுக்கிட்டு போன தடம் அது. சில இடத்துல நடுவுல பொடிப் பொடியா நொறுங்கின மாவு கூட இருக்கும், ஈரம் பட்டா களிமண்ணு மாதிரி பிசுபிசுக்கும்.

இப்ப கோடநாட்டுக்கு வருவோம். அங்க நின்னு கீழ பாத்தா மாயாறு ஓடுது, தூரத்துல தெங்குமரஹாடா தெரியும், எதிர்ல மைசூர் பக்கத்து மேட்டு நிலம். டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க, ஆனா ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சா ஒண்ணு உறுத்தும்: மலைல பொறந்த ஆறு வளைஞ்சு நெளிஞ்சு தானே போகணும், இது ஏன் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி மேற்குல இருந்து கிழக்க போகுது? தெப்பக்காட்டுக்குக் கீழ 20 கிலோமீட்டர் கிட்ட ஆழமான கிடங்கு வெட்டின மாதிரி இருக்கும், வெள்ளைக்காரங்க அதுக்கு மைசூர் டிட்ச்னே பேர் வச்சாங்க, மைசூர் வாய்க்கால்னு சொல்ற மாதிரி. ஆறு தானா அந்த வழியை வெட்டல. ஏற்கனவே பாறை பலவீனமா இருந்த கோட்டைக் கண்டுபிடிச்சு அதுல இறங்கிடுச்சு. தண்ணிக்கு சோம்பேறித்தனம் ஜாஸ்தி, இளகின இடத்தை விட்டுட்டு இறுகின இடத்தை அறுக்காது.

அந்தக் கோட்டுக்கு மாயாறு ஷியர் ஸோன்னு பேரு. நீலகிரிக்குத் தெற்கு, தென்கிழக்குப் பக்கம் இதே மாதிரி பவானி ஷியர் ஸோன். ரெண்டும் கிழக்க போகப் போக நெருங்கி வரும், நடுவுல முக்கோணமா மாட்டிக்கிட்டு நிக்கறது தான் நம்ம நீலகிரி. ஷியர்னா இங்க பெரிய தகராறு எல்லாம் இல்லீங்க, ரெண்டு பாளம் ஒண்ணோட ஒண்ணு உரசி இழுபட்ட பட்டை, சில இடத்துல கிலோமீட்டர் கணக்குல அகலம்.

இது எப்ப நடந்ததுனு கேட்டா தலை சுத்தும். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர்ல இருக்கு, அந்த உச்சில இருக்க பாறைக்கு சார்னோகைட்டுனு பேரு (கல்கத்தால ஜாப் சார்னாக்னு ஒருத்தரோட கல்லறைல இந்த வகைக் கல்லைப் பாத்துட்டு தாமஸ் ஹாலண்டுனு ஒரு ஜியாலஜிஸ்ட் வச்ச பேரு அது, அந்தக் கல்லு போனது நம்ம மெட்ராஸ் பக்கத்துல இருந்து தான்ங்கறது தனிக் கதை). அந்த சார்னோகைட்டோட வயசு சுமார் 250 கோடி வருஷம். அது உருவானப்ப மலை உச்சில இல்ல, பூமிக்கு அடியில 20, 30 கிலோமீட்டர் ஆழத்துல, 700 டிகிரிக்கு மேல சூட்டுல வெந்துக்கிட்டு இருந்துச்சு. மேல இருந்த அத்தனை பாறையும் கோடிக்கணக்கான வருஷத்துல மழைலயும் காத்துலயும் அரிச்சுப் போயி, அடியில இருந்தது மெதுவா மேல வந்து, இன்னிக்கு அது மேல நின்னு நாம சோளம் சாப்பிட்டுட்டு இருக்கோம்.

அந்த ஆழத்துல அந்த சூட்டுல பாறை ஒடையாது, இழுபடும். எள்ளுருண்டைக்கு வெல்லப்பாகு காச்சறப்ப பாத்திருப்பீங்க, சூடா இருக்கறப்ப கம்பியா இழுக்கலாம், அதையே தட்டுல ஊத்தி ஆற விட்டு ஒரு தட்டு தட்டினா டக்குனு ஒடையும். ஒரே வெல்லம், ஒரே கை, சூடு மட்டும் தான் வேற. பாறையும் அதே. பொதுவா மேல் 10, 15 கிலோமீட்டர் ஆறின பாகு, அதுக்குக் கீழ போகப் போக இளகின பாகு. மாயாறு ஷியர் ஸோன் முதல்ல உண்டானப்ப அது கீழ இளகின இடத்துல நடந்தது, பரோட்டா மாஸ்டர் மாவை வீசி இழுக்கற மாதிரி பாறையோட கனிமம் எல்லாம் இழுபட்டு அடுக்கு அடுக்கா ஆயிடுச்சு, அப்படிப்பட்ட பாறைக்கு மைலோனைட்டுனு பேரு. அப்புறம் அது மேல வந்து ஆறிப்போச்சு. ஆறின பரோட்டாவை பிச்சா எப்படிப் பிரியும், அடுக்கு வாக்குல தானே?

இந்தக் கட்டுரைல நான் சொல்ல வரது மொத்தமே இது தான். பூமி புதுசா ஒரு இடத்துல ஒடையறதுக்கு முன்னாடி, ஏற்கனவே ஒடஞ்ச இடம், இழுபட்ட இடம், தையல் போட்ட இடம் எதாவது இருக்கானு பாக்கும். பழைய சட்டை நடுத்துணில கிழியறதை விட தையல்ல பிரியறது தான் ஜாஸ்தி. அதனால ஒரு ஃபால்ட் எப்ப பொறந்ததுங்கறது ஒரு கேள்வி, இப்ப அதை அசைக்கறது எதுங்கறது முழுக்க வேற கேள்வி. பிளவு பழசா இருக்கலாம், அழுத்தம் புதுசா இருக்கும்.

சரி, அழுத்தம்னா என்ன, பூமியோட மேலோடு, அதான் நாம நிக்கற பாறை ஓடு, உருக்குலையறதுனா என்ன? இது தான் நிறைய பேருக்குப் புரியாம போற இடம், ஏன்னா நமக்கு நிலநடுக்கம்னா அந்த முப்பது செகண்டு ஆட்டம் மட்டும் தான் தெரியும், அதுக்கு முன்னாடி நூத்துக்கணக்கான, ஆயிரக்கணக்கான வருஷமா சத்தமே இல்லாம நடக்கற வேலை கண்ணுக்குத் தெரியறதில்ல.

ஒரு அம்மிக்கல்லை தரைல வச்சு, அதுல பழைய சைக்கிள் டியூபை நீளமா வெட்டிக் கட்டுங்க. டியூபோட மறுமுனையைப் புடிச்சு மெதுவா, ஒரே சீரா இழுங்க. முதல்ல கல்லு அசையாது, டியூப் மட்டும் நீளும், நீளும், நீங்க நடந்துக்கிட்டே இருக்கீங்க, கல்லு கம்முனு இருக்கு. திடீர்னு ஒரு கட்டத்துல கல்லு தடால்னு ஒரு அடி முன்னாடி தாவி நிக்கும், டியூப் தொய்ஞ்சிடும். மறுபடி நடங்க, மறுபடி நீளும், மறுபடி தாவும். நீங்க நடந்தது சீரா தான், கல்லு நகர்ந்தது விட்டு விட்டு. அந்த டியூப் நீண்டது தான் மேலோடு உருக்குலையறது, கல்லுக்கும் தரைக்கும் நடுவுல இருக்க ஒட்டு தான் ஃபால்ட், அந்தத் தாவல் தான் நிலநடுக்கம். ஒரே வித்தியாசம், நிஜத்துல டியூப்னு தனியா ஒண்ணு கிடையாது, ஃபால்ட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்க பாறையே தான் டியூப். கல்லு போய் ரப்பர் மாதிரி நீளுமானு சித்தப்பா சிரிச்சாரு. நீளும், கிலோமீட்டர் கணக்கான பாறைல சில மீட்டர் வளைவுங்கறது ஒண்ணுமே இல்ல.

இதை முதல்ல ஒழுங்கா நிரூபிச்சது 1906 ஏப்ரல் 18 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கு அப்புறம். அங்க சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட்டுக்குக் குறுக்க போட்டிருந்த வேலி, ரோடு எல்லாம் வெட்டுப்பட்டு ரெண்டு துண்டா நகர்ந்து நின்னுச்சு, ஒரு இடத்துல ரோடு 6 மீட்டர் கிட்ட தள்ளிப் போயிருந்துச்சு. ஹாரி ஃபீல்டிங் ரீட்னு ஒருத்தர், நடுக்கத்துக்கு முன்னாடி எடுத்த சர்வே அளவுகளையும் அப்புறம் எடுத்ததையும் வச்சுப் பாத்து, நிலம் அன்னிக்கு மட்டும் நகரல, பல வருஷமா வளைஞ்சுக்கிட்டே வந்து அன்னிக்கு விடுபட்டு நிமிர்ந்துச்சுனு 1910ல எழுதினாரு. ஒரு தேயிலைத் தோட்டத்துல நேரா கம்பி வேலி போட்டிருக்கோம், நடுவுல ஃபால்ட் போகுதுனு வச்சுக்கங்க: வருஷம் போகப் போக வேலி மெதுவா நெளிஞ்சுக்கிட்டே வரும், ஃபால்ட் விடுபட்ட அன்னிக்கு ரெண்டு பாதியும் மறுபடி நேராயிடும், ஆனா ஒண்ணுக்கொண்ணு சேராது.

நம்ம ஊர்ல டியூபை இழுக்கறது யாருன்னா, நாம உக்காந்திருக்க தட்டே தான், பூமியோட மேல் ஓடு பெரிய பெரிய துண்டா பிரிஞ்சு மெதுவா நகருது, ஒவ்வொரு துண்டும் ஒரு தட்டு. இந்தியத் தட்டு வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் கிட்ட வடக்கு, வடகிழக்கா போகுது, நகம் வளர்ற வேகத்தை விட கொஞ்சம் ஜாஸ்தி. 1900ல இருந்து கணக்குப் போட்டா கோத்தகிரி, குன்னூர், ஊட்டி எல்லாம் சேந்து 6 மீட்டர் வடக்க போயாச்சு, பட்டா மாத்தணுமானு சித்தப்பா கேட்டாரு. சுமார் 5 கோடி வருஷமா இந்தத் தட்டு ஆசியாவை முட்டிக்கிட்டே இருக்கு, அந்த முட்டல்ல பெரும்பங்கை இமயமலையும் அதுக்கு வடக்க திபெத் பக்கமும் வாங்கிக்குது, இமயமலைல மட்டும் வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் கிட்ட நெருக்கல் சேருது. அந்த நெருக்கல்ல கொஞ்சம் தட்டோட உள்பக்கத்துக்கும் கடத்தப்படுது. லாரியோட முன்பக்கம் சுவத்துல முட்டி நின்னா பின்னாடி இருக்க மூட்டையும் நெருங்கும்ல, அது மாதிரி. தீபகற்பத்துக்குள்ள இந்த உருக்குலைவு ரொம்ப ரொம்ப கம்மி, ஜிபிஎஸ் வச்சுப் பாத்தா கிட்டத்தட்ட ஒரே பலகையா நகருது. ஆனா கம்மினா சுழி இல்ல.

இப்ப ஒரு கேள்வி வரணும். அழுத்தம் எல்லா இடத்துலயும் இருக்கு, பிளவும் எல்லா இடத்துலயும் இருக்கு, அப்ப ஏன் எல்லாமே அசையல?

ஏன்னா உராய்வு. பூமிக்குள்ள ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கறப்பவும் மேல இருக்க பாறையோட எடை ஏறிக்கிட்டே போகும், 10 கிலோமீட்டர் ஆழத்துல கட்டைவிரல் நகம் அளவு இடத்து மேல சுமார் 2,700 கிலோ உக்காந்திருக்கும், நாலு மாருதி 800 காரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரு நகத்து மேல வச்ச மாதிரி. அந்த அமுக்குல ரெண்டு பாறை முகம் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஜேம்ஸ் பையர்லினு ஒருத்தர் 1978ல வகை வகையான பாறையை லேப்ல வச்சு உரசிப் பாத்த அளவுகளை ஒண்ணா சேத்தப்ப வேடிக்கையா ஒண்ணு தெரிஞ்சுது, கிரானைட்டோ சுண்ணாம்புப் பாறையோ மணற்பாறையோ, உராய்வு கிட்டத்தட்ட ஒண்ணு தான், அமுக்கற விசைல சுமார் 0.6ல இருந்து 0.85 பங்கு பக்கவாட்டு விசை குடுத்தா தான் நகரும். சில களிமண் வகை மட்டும் விதிவிலக்கு, அது வழுக்கிடும். அதனால தான் பழைய ஃபால்ட்டுக்குள்ள இருக்க அந்த மாவு முக்கியம்.

ஆக ஒரு ஃபால்ட் முழிச்சுக்கணும்னா மூணுல ஒண்ணு நடக்கணும்: பக்கவாட்டுத் தள்ளல் ஏறணும், இல்ல அமுக்கற எடை குறையணும், இல்ல நடுவுல ஒட்டு இளகணும். பாக்கி எல்லாம் இதுல இருந்து வரது தான்.

தள்ளல்ல அளவு மட்டும் இல்ல, கோணமும் முக்கியம், இதுக்கு ஒரு ஊட்டி கேரட் போதும். கேரட்டை நடுவுல நேர்க்குறுக்கா வெட்டி, ரெண்டு முனையையும் புடிச்சு உள்பக்கமா அமுக்குங்க. என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது, இன்னும் இறுகும். இன்னொரு கேரட்டை நல்லா சாய்வா வெட்டி அதே மாதிரி அமுக்குங்க, ஒரு துண்டு இன்னொண்ணு மேல ஏறிக்கிட்டு வழுக்கும். அதே கேரட்டை ரெண்டு பக்கமும் வெளிய இழுத்தா மேல் துண்டு கீழ சரியும். அமுக்கினா ஏறுது, இழுத்தா இறங்குது, இன்னும் பக்கவாட்டுல உரசிக்கிட்டே போற வகை ஒண்ணு இருக்கு, சான் ஆண்ட்ரியாஸ் அந்த வகை. ஃபால்ட்டோட மூணு ஜாதியும் அவ்வளவு தான், பேரெல்லாம் பரீட்சைக்குப் போறவங்க பாத்துக்கட்டும்.

கேரட் காட்டற விஷயம் என்னன்னா, தள்ளற திசைக்கு சுமார் 30 டிகிரி சாய்வுல இருக்க பிளவு தான் சுலபமா வழுக்கும். நேர்க்குறுக்கா இருக்கறது இறுகிப்போகும், தள்ளற திசைலயே நீட்டா இருக்கறதும் பெரிசா கண்டுக்காது. ஒரு நாட்டுல நூறு பழைய ஃபால்ட் இருந்தா இன்னிக்கு இருக்க தள்ளலுக்கு ஏத்த கோணத்துல இருக்க நாலஞ்சு தான் ஆடும், மீதி தூங்கும். அப்புறம் ஒரு காலத்துல தட்டு திசை மாறினா, தூங்கினது முழிக்கும், ஆடினது தூங்கும்.

இதுக்கு நம்ம நாட்டுலயே அசலான உதாரணம் 2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்னிக்குக் காலைல குஜராத் கட்ச் பகுதில இருக்க புஜ். அளவு 7.7. கட்ச் பகுதில இருக்க ஃபால்ட் எல்லாம் டைனோசர் காலத்துல பொறந்தது, அப்ப இந்தியா, ஆப்பிரிக்கா எல்லாம் ஒண்ணா ஒட்டியிருந்த கோண்டுவானா கண்டம் பிஞ்சுக்கிட்டு இருந்த சமயம், நிலத்தை ரெண்டு பக்கமும் இழுத்ததால கேரட்டோட மேல் துண்டு சரிஞ்ச மாதிரி இறங்கின ஃபால்ட்டுங்க. அப்புறம் இந்தியா பிரிஞ்சு வந்து ஆசியாவை முட்டினதும் இழுவை போயி நெருக்கல் வந்துச்சு, அதே பழைய சாய்வுல, அதே பழைய வெட்டுல, இந்த தடவை இறங்கின துண்டு மேல ஏறுது. கதவு அதே கதவு, திறக்கற பக்கம் மட்டும் மாறிடுச்சு. பழைய பிளவு முழிக்கறதுனா என்னனு யாராவது கேட்டா நான் முதல்ல சொல்றது புஜ் தான்.

அடுத்தது தண்ணி. இது எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி, கொஞ்சம் நிதானமாவே சொல்றேன். சமையல்கட்டுல எவர்சில்வர் டம்ளரை சூடு தண்ணில கழுவி, ஈரமா இருக்க கிரானைட் மேடைல கவுத்து வச்சுட்டு பாருங்க, சில சமயம் அது தானா நகர்ந்து போகும். சின்ன வயசுல நான் பேய்னு நினைச்சு ஓடியிருக்கேன். நடக்கறது என்னன்னா, உள்ள மாட்டின காத்து சூட்டுல விரிஞ்சு டம்ளரை ஒரு மயிரிழை மேல தூக்குது, சுத்தியும் இருக்க தண்ணி வளையம் காத்தை வெளிய விடாம அடைச்சுக்குது, டம்ளரோட எடையை இப்ப மேடை தாங்கல, உள்ள இருக்க காத்து தாங்குது. உராய்வு போச்சு. லேசா சாய்வு இருந்தா போதும், கிளம்பிடும். டம்ளரோட எடை குறையல, யாரும் தள்ளவும் இல்ல, ஒட்டு மட்டும் போச்சு.

ஃபால்ட்டுக்குள்ள தண்ணி புகுந்து அங்க அழுத்தம் ஏறினா இதே தான். மேல இருக்க நாலு மாருதில ஒண்ணு ரெண்டை தண்ணியே தூக்கிப் புடிச்சுக்கும், பாறைக்கு பாறை ஒட்டு அந்த அளவுக்கு குறையும், ஏற்கனவே விளிம்புல நின்னுக்கிட்டு இருந்த ஃபால்ட்டுனா விடுபட்டுடும். அமெரிக்கால டென்வர் பக்கத்துல ராக்கி மவுண்டன் ஆர்சனல்னு ராணுவ ரசாயன ஆலை ஒண்ணு, 1962ல கழிவுத் தண்ணியை 3,671 மீட்டர் ஆழக் கிணத்துல அழுத்தி இறக்க ஆரம்பிச்சாங்க, கொஞ்ச நாள்ல ஊர் ஆட ஆரம்பிச்சுது. 1966ல நிறுத்தினாங்க, ஆனா இருக்கறதுலயே பெரிய நடுக்கம் 1967ல வந்துச்சு, ஏன்னா உள்ள போன அழுத்தம் குழாயை மூடினதும் நின்னுடாது, மெதுவா பரவிக்கிட்டே போகும்.

அதே 1967 டிசம்பர் 11, நம்ம மகாராஷ்டிரா கொய்னா. 103 மீட்டர் உயர அணை, 1960களோட ஆரம்பத்துல தண்ணி தேக்க ஆரம்பிச்சதுல இருந்தே சின்னச் சின்ன நடுக்கம், கடைசில 6.3 அளவுல ஒண்ணு வந்து கிட்டத்தட்ட 180 பேர் செத்தாங்க. இப்பவும் அங்க சின்ன நடுக்கம் வந்துக்கிட்டு தான் இருக்கு, 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு துளை போட்டுப் பாத்து ஆராய்ச்சி கூட பண்ணாங்க. அணை கட்டினதால பூமில புதுசா சக்தி வந்திடல, அந்த சக்தி எல்லாம் தட்டு நெருக்கறதுல ஏற்கனவே சேந்தது, தண்ணி பண்ணது டம்ளர் வேலை.

இங்க சித்தப்பா டக்குனு கீழ கை காட்டினாரு, "அப்ப பவானிசாகர்?" நல்ல கேள்வி தான், மாயாறும் பவானியும் சேர்ற இடத்துல, ரெண்டு ஷியர் ஸோனும் நெருங்கற பக்கமா பாத்து கட்டின அணை. ஆனா அது 1955ல இருந்து நிக்குது, எத்தனையோ தடவை ரொம்பி காஞ்சு ரொம்பியாச்சு, கொய்னா மாதிரி எதுவும் அங்க நடக்கல. உலகத்துல பெரிய அணைகள்ல ரொம்ப சிலது தான் கொய்னா மாதிரி ஆகும், ஆழமா தண்ணி நிக்கணும், அடியில பிளவு இருக்கணும், அந்தப் பிளவு ஏற்கனவே விடுபடற நிலைல இருக்கணும், மூணும் ஒரே இடத்துல அமையறது அபூர்வம்.

மூணாவது வழி, எடை குறையறது. மேட்டுப்பாளையம் மண்டில காய்கறி மூட்டை இறக்கினதும் லாரி ஸ்பிரிங் எழும்பி நிக்கும்ல, பூமிக்கும் அப்படி ஒரு ஸ்பிரிங் இருக்கு. ஸ்வீடனோட வடக்குல பேர்வினு ஒரு ஃபால்ட், 150 கிலோமீட்டர் நீளம். பனியுகத்துல கிலோமீட்டர் கணக்கான பனிக்கட்டி அந்த நிலத்து மேல உக்காந்திருந்துச்சு, அது உருகி எடை போனதும், சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னாடி, அந்த ஃபால்ட் விடுபட்டு தரைல பெரிய படிக்கட்டு மாதிரி நிலம் எழும்பிடுச்சு. அதுவும் பழைய, அமைதியான பாறை இருக்க நாடு தான். நம்ம பக்கம் பனி எடை எல்லாம் இல்ல, மழை அரிச்சு எடுத்துட்டுப் போற மண்ணும் பாறையும் தான், அது கோடிக்கணக்கான வருஷத்துக் கணக்கு. நீலகிரி இவ்வளவு உசரமா நிக்கறதுல பிளவு வழியா எழும்பினது எவ்வளவு, சுத்தி இருந்தது அரிச்சுப் போனதால இது மட்டும் மிஞ்சினது எவ்வளவுங்கறதுல ஜியாலஜிஸ்டுங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டு தான் இருக்காங்க.

பக்கத்து வீட்டு ஃபால்ட் ஆடினா இந்த வீட்டு ஃபால்ட்டுக்கும் சுமை மாறும்ங்கறதையும் சொல்லிடணும். துருக்கில 1999 ஆகஸ்ட் 17 இஸ்மித்ல 7.6, அதே ஃபால்ட்டோட அடுத்த துண்டுல நவம்பர் 12 டூஸ்ஜேல 7.2. ஒரு பட்டன் அறுந்தா அடுத்த பட்டனுக்கு இழுவை ஏறும்.

அப்ப எந்த ஃபால்ட் ஆக்டிவ், எது செத்தது? பல இடத்துல கடைசி 11,700 வருஷத்துக்குள்ள ஒரு தடவையாவது அசைஞ்சிருந்தா ஆக்டிவ்னு வச்சுக்கறாங்க. எனக்கு இந்தக் கோட்டு மேல பெரிய மரியாதை இல்ல, ஏன்னா தட்டோட ஓரத்துல இருக்க ஃபால்ட்டுக்கு நூறு இருநூறு வருஷத்துல சக்தி சேந்துடும், தட்டோட நடுவுல இருக்கறதுக்கு பல ஆயிரம் வருஷம் ஆகும், ரெண்டுத்துக்கும் ஒரே அளவுகோல் சரிப்படாது. 1993 செப்டம்பர் 30 விடியக்காலைல மகாராஷ்டிராவுல லாத்தூர் பக்கம் கில்லாரி நடுக்கம் வந்துச்சு, 6.2 தான், ஆனா 10,000 பேர் கிட்ட செத்தாங்க. எரிமலைப் பாறை மூடின, அமைதினு எல்லாரும் நம்பின இடம், மேல இருந்து பாத்தா பெரிய ஃபால்ட்டுக்கான அடையாளமே கிடையாது. கல்லும் மண்ணும் வச்சு கட்டின கனமான சுவர், எல்லாரும் தூங்கற நேரம், அதனால தான் அவ்வளவு சாவு.

நம்ம பக்கத்துக் கதை 1900 பிப்ரவரி 8. கோயமுத்தூர் நிலநடுக்கம், 6 கிட்ட அளவு, தென்னிந்தியா பரவலா உணர்ந்தாங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ரயில் ஓட ஆரம்பிச்சு ஒரு வருஷம் கூட முழுசா ஆகல அப்ப. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டினாப்ல நடந்த அந்த ஒரு நடுக்கம் தான், தெற்கு முழுக்க பாறை பழசு, இங்க ஒண்ணும் வராதுனு சொல்றவங்களுக்கு பதில். 2002ல வந்த நிலநடுக்க மேப்ல கோயமுத்தூரை மூணாவது மண்டலத்துல, அதாவது மிதமான ஆபத்து இருக்க இடம்னு, போட்டதும் சும்மா இல்ல.

மாயாறு கோடு ஆடுமா ஆடாதானு கண்டுபிடிக்க ஜியாலஜிஸ்ட் என்ன பண்ணுவாருன்னா, ஃபால்ட்டுக்குக் குறுக்க கிடங்கு வெட்டி, பாறையை இல்ல, அது மேல படிஞ்ச இளசான வண்டலைப் பாப்பாரு. பாறைல ஆயிரம் வெட்டு இருக்கலாம், அது 250 கோடி வருஷத்துக் கதை. ஆறு கொண்டாந்து போட்ட சமீபத்து மண்ணு அடுக்கு வெட்டுப்பட்டு ஏறி இறங்கி இருந்தா தான் அது இந்தக் காலத்துல அசைஞ்சதுனு அர்த்தம். அந்த அடுக்குல ஒரு கரித்துண்டு கிடைச்சா இன்னும் நல்லது, கார்பன் கணக்கு வச்சு எந்தக் காலம்னு சொல்லிடலாம். எங்கெங்க ஃபால்ட் ஓடுதுனு வாட்ஸப்புல வர சிவப்புக் கோடு போட்ட மேப்புல இதுல ஒண்ணும் இருக்காது, அது பாறைல இருக்க எல்லாக் கோட்டையும் ஒரே சிவப்புல போட்டுடும், ஆடினது தூங்கறது எல்லாம் அதுக்கு ஒண்ணு.

"சரி, எப்ப வரும்?"னு சித்தப்பா கடைசியா கேட்டாரு. தேதி யாராலயும் சொல்ல முடியாது சித்தப்பா, டியூப் எவ்வளவு நீண்டிருக்குனு ஓரளவு அளக்கலாம், கல்லு எந்த செகண்டு தாவும்னு அம்மிக்கல்லுலயே சொல்ல முடியலயேனேன். அவருக்குத் திருப்தி இல்ல, கோடநாட்டுல இருந்து திரும்பற வழியெல்லாம் பேசவே இல்ல.

வீட்டுக்கு வந்து மேஸ்திரியை வரச் சொல்லி, சுவர்ல அடிவரிசைல நாலடிக்கு ஒரு குழாய் வச்சு பின்னாடி ஜல்லி போடச் சொன்னோம், தண்ணி வெளிய வரணும், அது தான் வைத்தியம். விரிசல் இன்னும் நகருதானு தெரிஞ்சுக்க பழைய முறை ஒண்ணு இருக்கு, ஜன்னல் கண்ணாடித் துண்டை மெல்லிசா வெட்டி விரிசலுக்குக் குறுக்க சிமெண்டுல ஒட்டிடணும், சுவர் ஒரு நூல் அசைஞ்சாலும் கண்ணாடி ஒடஞ்சிடும். மூணு துண்டு ஒட்டி பக்கத்துல பென்சில்ல தேதி போட்டேன். ஃபால்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ஜிபிஎஸ் நட்டு வச்சுட்டு வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கறவங்க பண்றதும் இதே வேலை தான்னு சொன்னப்ப தான் சித்தப்பா முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. இப்ப வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி கண்ணாடி ஒடையலடாங்கறாரு. ஐப்பசி மழை இன்னும் ஆரம்பிக்கல.